பழவேற்காடு ஏரியில் குளிர்காலப் பறவைகளைப் பார்ப்பது எப்படி

பழவேற்காடு போய்விட்டு "பறவையே இல்லை, வெறும் தண்ணீர்தான் இருந்தது" என்று திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர். இத்தனைக்கும் ஜனவரி மாதத்தில் அந்த ஏரியில் பறவை இல்லாத நாளே கிடையாது. ஏரி அவ்வளவு பெரியது, அதுதான் சிக்கல். நிறைந்திருக்கும்போது 450 சதுர கிலோமீட்டர் பக்கம் வரும். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதில் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு முனை மட்டும்தான் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். பழவேற்காடு ஊருக்குள் போய் ஒரு கரையில் நின்று பார்த்துவிட்டு ஏரியையே பார்த்துவிட்டதாக நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இந்த ஏரியைப் பொறுத்தவரை ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஆழம். பார்க்கக் கடல் மாதிரி விரிந்து கிடந்தாலும் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான், பல இடங்களில் முழங்கால்கூட நனையாது. பறவைகள் தங்கள் கால் நீளத்துக்கும் கழுத்து நீளத்துக்கும் ஏற்றபடி இந்தத் தண்ணீரைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஈரச் சேற்றில் கொசு உள்ளானும் உப்புக்கொத்தியும், கணுக்கால் தண்ணீரில் பவளக்காலியும் நெடுங்கால் உள்ளானும், வயிறு தொடும் தண்ணீரில் மூக்கன்கள், அதையும் தாண்டி பூநாரைகள், கால் எட்டாத இடத்தில் வாத்துகளும் கூழைக்கடாக்களும். ஏரியைப் பார்த்ததும் பறவையைத் தேடாமல் முதலில் தண்ணீர் எங்கே முடிகிறது, சேறு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அந்த விளிம்பில்தான் கூட்டம் இருக்கும்.

எந்த மாதம் போவது

வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியாறும் ஏரிக்குள் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கும். மட்டம் ஏறும், உப்பு குறையும். நவம்பரிலேயே வாத்துகள் வந்துவிடுகின்றன, ஆனால் அப்போது தண்ணீர் எங்கும் நிறைந்திருப்பதால் எல்லாம் சிதறிக் கிடக்கும். இன்னொரு சங்கடம், அந்த நேரத்தில் ஆண் வாத்துகள்கூட பெட்டையைப் போல மங்கிய பழுப்பில்தான் இருக்கும், ஏனென்றால் இனப்பெருக்கம் முடிந்து இறகு உதிர்த்து, பளிச்சென்ற இறகு இன்னும் முழுசாக முளைக்காத சமயம் அது. புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் நவம்பரில் போய் எல்லா வாத்தும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று சோர்ந்துபோவது இதனால்தான். டிசம்பர் கடைசி வாரத்திலிருந்து பெரும்பாலான ஆண்கள் முழு நிறத்தில் இருக்கும்.

ஜனவரி, பிப்ரவரி இரண்டும்தான் சிறந்த மாதங்கள். மட்டம் இறங்கி, சேற்றுத் திட்டுகள் வெளியே தெரிய ஆரம்பித்து, பூநாரைகள் பெருங்கூட்டமாகச் சேர்ந்திருக்கும். மார்ச் மாதத்தில் ஏரியின் வடபகுதி காய்ந்து உப்புப் பூத்துவிடும், வாத்துகள் கிளம்பிவிடும். அப்போதும் போக ஒரு காரணம் இருக்கிறது: உள்ளான்கள் ஆர்க்டிக் பக்கம் திரும்புவதற்கு முன்னால் நிறம் மாறுகின்றன. குளிர்காலம் முழுக்கச் சாம்பலாக இருந்த வளைமூக்கு உள்ளான் ஏப்ரலில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும், பார்த்தால் அதே பறவையா என்று சந்தேகம் வரும்.

இதெல்லாம் சராசரி கணக்கு. மழை கொட்டித் தீர்த்த வருடத்தில் ஜனவரியிலும் தண்ணீர் ஆழமாக இருக்கும், பிப்ரவரிக்குத் தள்ளிப்போடுங்கள். மழை பொய்த்த வருடத்தில் டிசம்பரிலேயே போய்விடுங்கள், தை பிறப்பதற்குள் தண்ணீர் உள்ளே ஓடிவிடும்.

எங்கே நிற்பது

எனக்குப் பிடித்த இடம் சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை. சென்னையிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில் சூளூர்ப்பேட்டை, புறநகர் மின்சார ரயிலிலேயே போகலாம், ஆனால் வண்டிகள் குறைவு, நேரத்தை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். ஊரைத் தாண்டிக் கிழக்கே போனால் முதலில் வயல்கள், அப்புறம் இரண்டு பக்கமும் ஏரி. படகும் வேண்டாம், சேற்றில் இறங்கவும் வேண்டாம், சாலையே உங்களை ஏரியின் நடுவுக்குக் கொண்டுபோய்விடும். பாதி வழியில் அட்டகானித்திப்பா என்ற திட்டு வரும், இறங்கிக் கால் நீட்டிக்கொள்ள நல்ல இடம். சாலையின் முடிவில் விண்வெளி மையத்தின் வாயில், அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், அதற்கு வெகு முன்னாலேயே திரும்பிவிடுங்கள். ராக்கெட் ஏவும் நாட்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள், கெடுபிடி அதிகம். மற்ற நாட்களிலும் லென்ஸைப் பறவை இருக்கும் பக்கம் மட்டும் திருப்புங்கள்.

இந்தச் சாலையில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. அது ஏறத்தாழ மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து தெற்கே சாய்ந்தபடியே போய்த் தென்மேற்கில் மறையும். ஆகவே சாலையின் வடபக்கம் நிற்கும் பறவைகள் மீது நாள் முழுக்க உங்கள் முதுகுப் பக்கமிருந்து வெளிச்சம் விழும், தென்பக்கத்தில் எல்லாம் கறுத்த நிழலாகத் தெரியும். தென்பக்கம் கூட்டம் அதிகமாக இருந்தாலும் நிறம் பார்த்து இனம் பிரிக்க வேண்டுமென்றால் வடபக்கத்தில் நேரத்தைச் செலவிடுங்கள். பலர் இதைக் கவனிக்காமல் கிழக்கே பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே காலைப் பொழுதை வீணாக்குகிறார்கள்.

இரண்டாவது, தமிழ்நாட்டுப் பக்கம் கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே இருக்கும் அண்ணாமலைச்சேரி. சிறிய மீனவர் ஊர், ஏரியின் மேற்குக் கரை. காலையில் போனால் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். மதியம் 3 மணிக்கு மேல் போங்கள், வெளிச்சம் உங்கள் பின்னாலிருந்து ஏரி மீது விழும். பூநாரை இந்தப் பக்கமும் நன்றாகவே கிடைக்கும்.

மூன்றாவது பழவேற்காடு ஊரும் முகத்துவாரமும். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பேருந்து. பாலத்தைத் தாண்டிக் கலங்கரை விளக்கம் இருக்கும் பக்கம் போய்விட்டால் மேற்கே பார்த்து நிற்கலாம், காலை நேரத்துக்கு ஏற்றது. வாத்துகளுக்காக இங்கே வரவேண்டாம். ஆலாக்கள், கடற்காகங்கள், மணல் திட்டுகளில் நிற்கும் உப்புக்கொத்திகள், இவற்றுக்கான இடம் இது. கடல் ஓதம் இறங்கித் திட்டுகள் வெளியே தெரியும் நேரமாகப் பார்த்துப் போங்கள். எந்த நேரத்தில் தண்ணீர் இறங்கும் என்று வலை காயவைக்கிற யாரைக் கேட்டாலும் துல்லியமாகச் சொல்வார்கள்.

ஒரே நாளில் முடிக்க நினைத்தால் காலை சூளூர்ப்பேட்டைச் சாலை, வெயில் ஏறியதும் நெலப்பட்டு (கீழே சொல்கிறேன்), திரும்பும் வழியில் மாலை அண்ணாமலைச்சேரி. மூன்றும் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டியே வந்துவிடும். பழவேற்காடு ஊருக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள், டச்சுக்காரர் கல்லறையையும் பார்த்துவிட்டு வரலாம்.

என்ன கொண்டுபோவது

ஒரு பைனாகுலர் போதும். 8x42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். ஏரிக்கு 10x நல்லது என்பார்கள், ஆனால் சாலையில் காற்று பலமாக அடிக்கும், கை நடுங்கினால் 10 மடங்கில் பறவையும் சேர்ந்து நடுங்கும். ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் தொலைநோக்கி) யாரிடமாவது இருந்தால் அவரோடு சேர்ந்து போங்கள், தூரத்து வாத்துகளுக்கு அதுதான் விடை. ஸ்கோப்பின் கண் வைக்கும் பக்கத்தில் செல்பேசி கேமராவைப் பொருத்திப் படம் எடுத்துக்கொண்டால் வீட்டில் உட்கார்ந்து நிதானமாக இனம் பார்க்கலாம்.

தொப்பி, தண்ணீர், மங்கிய நிறச் சட்டை. ஏரிச் சாலையில் நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது. காலை டிபனைச் சூளூர்ப்பேட்டையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். பொழுது விடியும்போது, அதாவது ஆறரைக்கு, நீங்கள் ஏரிக்கரையில் இருக்க வேண்டும். 9:30, 10 மணிக்கு மேல் சேற்றிலிருந்து கானல் எழ ஆரம்பித்துவிடும். அப்புறம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் தூரத்துப் பறவை தண்ணீருக்குள் இருப்பது போல நெளியும்.

வாத்துகள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பகலில் நீங்கள் பார்க்கப்போகிற வாத்துகளில் பாதிக்கு மேல் தூங்கிக்கொண்டிருக்கும். இவை பெரும்பாலும் இரவில் மேய்கிற பறவைகள், பொழுது சாய்ந்ததும் வயல்களையும் சின்ன ஏரிகளையும் பார்த்துப் பறக்கும், பகலில் ஏரி நடுவே கூட்டமாக மிதந்தபடி அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டு கிடக்கும். ஆகவே தலையை நம்பி இனம் கண்டுபிடிக்க முடியாது. பொறுமையாக ஒரு கூட்டத்திலேயே கண்ணை வைத்திருங்கள், ஒவ்வொன்றாக எழுந்து கழுத்தை நீட்டிச் சிறகை உதறும், அந்த ஒரு நொடி போதும்.

ஊசிவால் வாத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் ஒருமுறை பார்த்தால் மறக்காது. நீண்ட மெல்லிய கழுத்து, ஆணுக்குச் சாக்லேட் நிறத் தலை, கழுத்தின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு மேலேறி முடியும், பின்னால் கூரான வால். மேயும்போது முன்னுடம்பை நீருக்குள் கவிழ்த்து வாலை வானத்தைப் பார்த்து நிறுத்தும். கழுத்து நீளம் என்பதால் மற்ற வாத்துகளுக்கு எட்டாத ஆழத்துச் சேறு இதற்கு எட்டும். தூங்கும்போதும் வெளுத்த மார்பும் நீண்ட உடலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆண்டி வாத்து என்றும் தட்டைவாயன் என்றும் சொல்கிற வாத்துக்கு அலகு முனையில் அகப்பை மாதிரி அகன்றிருக்கும், உடம்புக்குப் பொருந்தாத பெரிய அலகு. ஆணுக்குக் கரும்பச்சைத் தலை, வெள்ளை மார்பு, செம்பழுப்பு விலா. தூரத்திலிருந்து பார்த்தாலே வெள்ளை, சிவப்பு என்று மாறி மாறிப் பட்டையாகத் தெரியும். இவை மேய்வதைச் சற்று நேரம் பாருங்கள், கூட்டமாகச் சேர்ந்து வட்டமாகச் சுற்றும், முன்னால் போகிற வாத்தின் கால் கலக்கிவிட்ட தண்ணீரைப் பின்னால் வருவது அலகால் வடிகட்டிக்கொண்டே போகும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் போன்ற மெல்லிய தகடுகள் இருப்பதால்தான் இது நடக்கிறது.

நீலச்சிறகு வாத்து உருவத்தில் சிறியது. ஆணுக்குக் கண்ணுக்கு மேலே தொடங்கிப் பிடரி வரை வளைந்து இறங்கும் பளிச்சென்ற வெள்ளைப் புருவம். பெட்டைக்கு முகத்தில் வெளிர், கறுப்பு என்று கோடு கோடாக இருக்கும். கிளுவையும் இதே அளவுதான், ஆனால் அதன் பெட்டையின் முகம் இவ்வளவு கோடுகள் இல்லாமல் இருக்கும், இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்துவிட்டால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். நாமத்தலை வாத்துக்குச் செம்பழுப்புத் தலையில் நெற்றி முதல் உச்சி வரை வெண்மஞ்சள் நாமம். அது கத்துவதும் வாத்து மாதிரி இருக்காது, சீட்டி அடிப்பது போல மெல்லிய ஒலி.

புள்ளிமூக்கு வாத்து நம் ஊர்வாசி, எங்கும் வலசை போவதில்லை. பருத்த உடம்பு, கறுத்த அலகின் நுனியில் மஞ்சள், அலகின் அடியில் சிவப்புப் புள்ளிகள். மற்ற வாத்துகளை அளந்து பார்க்க இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். உடம்பெல்லாம் கறுத்து நெற்றியில் மட்டும் வெள்ளையாக, தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே நீந்துவது வாத்தே இல்லை, நாமக்கோழி. அது பறக்க வேண்டுமென்றால் தண்ணீர் மேல் படபடவென்று ஓடித்தான் கிளம்பும், மேலே சொன்ன வாத்துகள் நின்ற இடத்திலிருந்தே எழும்பிவிடும்.

வரித்தலை வாத்துகளும் சில நேரம் கண்ணில் படும். வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டைகள், பெரிய பறவை. திபெத், மங்கோலியா பக்கம் கூடு கட்டி, இமயமலையைத் தாண்டி வருகிறது. சிறு கூட்டம் ஒன்று புல் திட்டில் சாதாரணமாக மேய்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போது அது வந்த வழியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

பூநாரை

பெரிய பூநாரைதான் இங்கே அதிகம். நிமிர்ந்தால் ஐந்தடி உயரம் வரை வரும். அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. சிறிய பூநாரை கலந்திருக்கிறதா என்று பார்க்க அலகைப் பாருங்கள், அதன் அலகு முழுக்கக் கருஞ்சிவப்பு, தூரத்தில் கறுப்பாகவே தெரியும், உருவமும் ஒரு பங்கு சிறியது. சாம்பல் பழுப்பாக நிற்பவை குஞ்சுகள், அதாவது இன்னும் நிறம் வராத இளம் பறவைகள். அவற்றை வேறு இனம் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

மேய்வதைக் கவனியுங்கள். கால்களால் சேற்றை மிதித்துக் கலக்கிவிட்டு, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலலகு கீழே வருமாறு தண்ணீருக்குள் வைக்கும். நாக்கு உள்ளே பம்பு போல வேலை செய்து நீரை இழுத்து வெளியே தள்ள, சின்னஞ்சிறு உயிரினங்கள் அலகின் ஓரத்தில் தங்கிவிடும். அந்த உணவிலிருந்து வரும் நிறமிதான் இறகுக்குச் சிவப்பைக் கொடுக்கிறது. பறக்கும்போதுதான் சிறகின் முழுச் சிவப்பும் கறுப்பும் தெரியும். அதற்காக அவற்றைப் பறக்கவிட வேண்டியதில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் கூட்டம் தானாகவே இடம் மாறும், அரை மணி நேரம் நின்றால் பார்த்துவிடலாம்.

கூட்டம் மேய்வதை நிறுத்திவிட்டு எல்லாக் கழுத்தும் நேராக நிமிர்ந்து, ஒரே திசையில் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தால் நீங்கள் பக்கத்தில் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே நில்லுங்கள், முடிந்தால் பத்தடி பின்வாங்குங்கள். வாத்துகளும் இப்படித்தான், தலைகள் எழும், கூட்டம் மெல்ல எதிர்ப்பக்கம் நகரும், அடுத்தது பறப்புதான். ஒரு படத்துக்காகக் கைதட்டிப் பறக்கவிடுகிறவர்களை இந்தச் சாலையில் பார்க்க முடிகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்கிறவர்களையும் நயமாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பவும் அவ்வளவு தூரம் பறக்கக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கிற பறவை அது, ஒவ்வொரு வீண் பறப்பும் அதன் சேமிப்பிலிருந்துதான் போகிறது. டிரோன் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது சரணாலயப் பகுதி.

காரில் போனால் காருக்குள்ளேயே இருந்து பாருங்கள். மனிதன் இறங்கி நடந்தால் பயப்படுகிற பறவை நிற்கும் வண்டியைக் கண்டுகொள்வதில்லை. சாலையை விட்டு முழுசாக ஓரம் கட்டுங்கள், பேருந்தும் லாரியும் வேகமாக வரும் சாலை.

சேற்றில் ஓடுகிறவை

உள்ளான்கள் பலருக்கும் தலைவலி, எல்லாம் ஒரே சாம்பல். நிறத்தை விட்டுவிட்டு அவை இரை தேடும் விதத்தைப் பாருங்கள். நாலடி ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்து கொத்தி, மறுபடி ஓடினால் உப்புக்கொத்தி. அதற்குக் கண் பெரியது, பார்த்துப் பிடிக்கிறது. நிற்காமல் தையல் இயந்திர ஊசி போலச் சேற்றைக் குத்திக்கொண்டே போனால் உள்ளான் வகை, அது அலகு நுனியால் தொட்டுணர்ந்து பிடிக்கிறது. எல்லாவற்றிலும் சிறியதாக, சுறுசுறுப்பாகக் கால்களுக்கு நடுவே ஓடுவது கொசு உள்ளான், முப்பது கிராம்கூட இருக்காது, சைபீரியாவின் வடகோடியிலிருந்து வருகிறது.

சிவந்த கால் இருந்தால் இரண்டில் ஒன்று. கால் நம்ப முடியாத நீளமாக, இளஞ்சிவப்பாக, உடம்பு கறுப்பு வெள்ளையாக இருந்தால் நெடுங்கால் உள்ளான். கால் நடுத்தர நீளம், உடம்பு பழுப்பு, பறக்கும்போது சிறகின் பின்னோரம் வெள்ளையாகப் பளிச்சிட்டால் பவளக்காலி. நீண்ட நேரான அலகு கருவால் மூக்கனுக்கு, பறந்தால் வெள்ளைப் பட்டையும் கறுத்த வாலும் தெரியும். நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகு கோட்டானுக்கு (ஆந்தை இல்லை, இதுவும் சேற்றுப் பறவைதான்), அதன் குரல் காற்றில் வெகுதூரம் வரும்.

சேறு காய்ந்தது போலத் தெரிகிறதே என்று இறங்கி நடக்காதீர்கள். மேலே உப்பு ஏடு, அடியில் தொடை வரைக்கும் உளை. ஏரியில் இறால் தடவுகிற இருளர் பெண்களுக்கு எங்கே கால் வைக்கலாம் என்று தெரியும், நமக்குத் தெரியாது. படகுச் சவாரிக்கும் ஆசைப்படாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பறவை பார்க்கப் படகு தேவையும் இல்லை, எஞ்சின் சத்தத்துக்குப் பக்கத்தில் இருப்பதும் பறந்துவிடும், ஊர்க்காரர்கள் பாடு (முறை வைத்து மீன்பிடி இடம்) பிரித்துக் கட்டிய வலைகளுக்கும் இடைஞ்சல்.

மேலேயும் பாருங்கள்

அமைதியாக இருந்த ஒரு கூட்டம் காரணமே இல்லாமல் மொத்தமாக எழும்பினால் கூட்டத்தைப் பார்க்காதீர்கள், அதற்கு மேலே பாருங்கள். சிறகை வி வடிவில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோரைக்கு மேலே தாழ்வாக மிதந்து வருவது சேற்றுப் பூனைப்பருந்து, பெரும்பாலும் அதன் வேலைதான். வாத்துகள் இதற்குச் சற்றே எழும்பி மறுபடி உட்கார்ந்துவிடும். உள்ளான்கள் புகைபோல இறுக்கமாகச் சுருண்டு திரும்பித் திரும்பிப் பறந்தால் பொரி வல்லூறு எங்கோ இருக்கிறது. கம்பத்திலோ வலை கட்டிய கழியிலோ வெள்ளைத் தலை, கண் வழியாகக் கறுத்த பட்டையோடு உட்கார்ந்திருப்பது விரால் அடிப்பான், அது கால்களை முன்னே நீட்டித் தண்ணீரில் விழுந்து மீன் எடுப்பதைப் பார்க்கக் கிடைத்தால் அன்றைய நாள் நிறைவு.

மீசை ஆலா தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் கொத்தி எடுக்கும், தடித்த செவ்வலகோடு காக்கையைவிடப் பெரிதாக வருவது காஸ்பியன் ஆலா. பழுப்புத்தலைக் கடற்காகத்தின் தலை குளிர்காலத்தில் வெள்ளையாகத்தான் இருக்கும், காதருகே கரும்புள்ளி மட்டும் பாருங்கள். வழியில் மின்கம்பிகளில் பனங்காடையும் நீலவால் பஞ்சுருட்டானும் கரிச்சானும் வரிசையாக இருக்கும், வயல்களில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும். ஏரிக்குப் போகும் அவசரத்தில் இவற்றைத் தவறவிடாதீர்கள்.

நெலப்பட்டு

சூளூர்ப்பேட்டையிலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே 20 கிலோமீட்டர் அளவில் நெலப்பட்டு பறவைகள் சரணாலயம். 1976 முதல் சரணாலயம். நன்னீர் ஏரிக்குள் நீர்க்கடம்பு மரங்கள், அவற்றின் மேல் கூழைக்கடா, நத்தைகுத்தி, வக்கா, நீர்க்காகம் எல்லாம் கூடு கட்டும். பெரிய ஏரியில் கானல் எழும் 10 மணிக்கு இங்கே வந்துவிடுங்கள், பறவைகள் பக்கத்திலேயே இருப்பதால் நடுப்பகலிலும் தெளிவாகத் தெரியும். கூழைக்கடாக்கள் பழவேற்காட்டில் மீன் பிடித்துக்கொண்டு இங்கே குஞ்சுகளுக்குக் கொண்டுவருவதைப் பார்க்கலாம். குஞ்சு தாயின் அலகுப் பைக்குள் தலையையே நுழைத்துவிடும். மேலலகின் ஓரத்தில் வரிசையாக நீலக்கரும் புள்ளிகள் இருப்பதையும் இங்கேதான் நிதானமாகப் பார்க்க முடியும். மரங்களுக்கு அடியில் போகாதீர்கள், சத்தம் போடாதீர்கள். கூட்டிலிருந்து தாய் எழுந்தால் காக்கை காத்திருக்கிறது.

இரண்டு நீர்நிலைகளும் ஒன்றை ஒன்று நம்பியிருக்கின்றன. முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபட்டால் ஏரிக்குள் மீன் வரத்து குறையும். முதலில் பழவேற்காட்டு மீனவர் வீடு காயும், அப்புறம் நெலப்பட்டுக் கூட்டில் குஞ்சு காயும். ஆகவே கரையில் மீனவர்களைப் பார்த்தால் பேசுங்கள். "அண்ணே, பூநாரை இன்னைக்கு எந்தப் பக்கம் மேயுது?" என்று கேட்டால் கையைக் காட்டிச் சொல்வதோடு, தண்ணீர் எப்படி இருக்கிறது, முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்றெல்லாம் சொல்வார்கள். எந்தச் செயலியிலும் கிடைக்காத தகவல் அது. சூளூர்ப்பேட்டைப் பக்கம் தெலுங்குதான், ஆனாலும் நிறையப் பேருக்குத் தமிழ் புரியும்.

எண்ணுவதும் எழுதுவதும்

ஒரு பெரிய கூட்டத்தை எண்ணுவது கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம்தான். முதலில் ஓரத்தில் இருந்து பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள், அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு அதே அளவுத் துண்டுகளாக நூறு வரை போங்கள், அப்புறம் நூறு நூறாக. கூட்டத்தின் நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் தளர்வாகவும் இருக்கும், அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். திரும்பி வந்து மறுபடி ஒருமுறை எண்ணினால் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று தெரிந்துவிடும்.

பெயர் தெரியாத பறவையா, உடனே செயலியைத் திறக்காமல் முதலில் நோட்டில் எழுதுங்கள்: தெரிந்த பறவை ஒன்றோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரிது, அலகு எப்படி, கால் நிறம் என்ன, எவ்வளவு தண்ணீரில் நின்றது, என்ன செய்துகொண்டிருந்தது. மெர்லின் செயலி வீட்டில் படத்தை வைத்துச் சரிபார்க்க உதவும். பட்டியலைப் பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான இ-பேர்டில் ஏற்றிவிடுங்கள், சாலையை ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு பட்டியலாகப் பிரித்துப் போட்டால் எந்தப் பகுதியில் எவ்வளவு என்பது தெளிவாக இருக்கும். பூநாரை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள், காக்கை, மைனா உட்பட எல்லாவற்றையும் எழுதுங்கள்.

காலில் வளையமோ வண்ணக் கொடியோ கட்டிய பறவை கிடைத்தால் எந்தக் காலில், முட்டிக்கு மேலா கீழா, என்ன நிறம், என்ன எழுத்து என்று படம் எடுத்துக்கொண்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பறவைக்கு வளையம் போட்ட இடமும் நாளும் அப்படித்தான் வெளியே வரும்.

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டிய நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் உண்டு. பின்னதற்குக் குறைந்தது 15 நிமிடம் ஒரே இடத்தைக் கவனித்துப் பட்டியல் போட்டால் போதும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த நாட்களில் வந்தால் ஸ்கோப் வைத்திருப்பவர்களும் அனுபவசாலிகளும் சாலையிலேயே கிடைப்பார்கள், கேட்டால் யாரும் காட்டாமல் போகமாட்டார்கள்.